பச்சை ஏறிய பட்டை

சிறுநீரில் நுரை நின்றால் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, மீதி நாள்கள் சும்மா மரியாதைக்குத்தான் என்று நான் மனதார நம்பினேன். என் சிறுநீரில் நுரை நின்றபோது எனக்கு முப்பது வயது. கல்வராயன் மலையில் ஓராசிரியர் பள்ளி. ஒரு அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

மலையடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் ஒரு நர்சம்மா இருந்தார். கர்ப்பிணிகளின் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்க, நுனியில் மஞ்சள் சதுரம் ஒட்டிய பட்டைகளை ஒரு புட்டியில் வைத்திருந்தார். ஒன்று கேட்டேன்.

"இன்னா சார், வூட்டுல விசேஷமா? சொல்லவே இல்ல!"

"ஆமாங்க" என்றேன். எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

"முக்கி எடுங்க. மஞ்சளாவே இருந்தா ஒண்ணுமில்ல. பச்சை ஏறினா அவங்களக் கூட்டினு வாங்க. அப்புறம் சார், இன்னொண்ணு..."

மலைக்குப் போகும் பஸ் உறுமியது. ஓடிவிட்டேன்.

அறைக்கு வந்து முக்கினேன். லேசாகப் பச்சை இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. எந்தப் பச்சை எவ்வளவு மோசம் என்று காட்டும் வண்ணக் கட்டங்கள் புட்டியின் மேல் ஒட்டியிருந்தன. புட்டியோ அடிவாரத்தில். மறுநாள் இறங்கிக் கேட்கலாமென்றால் பஸ் வரவில்லை. இடஒதுக்கீட்டுப் போராட்டம். கள்ளக்குறிச்சி சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள்.

பட்டையைச் சன்னல் கம்பியில் செருகிவைத்து தினமும் பார்த்தேன். முதல் நாள் எலுமிச்சை. மூன்றாம் நாள் கொய்யாக்காய். ஐந்தாம் நாள் மரவள்ளி இலை.

டீக்கடைக்காரர் கேட்டார்: "இன்னா வாத்தியாரே, மூஞ்சி வுழுந்து கெடக்குது? பஸ் இல்லன்னா உங்களுக்கு இன்னாங்க? உங்களத் தேடி யாரு வரப்போறாங்க?"

விளையாட்டாகத்தான் சொன்னார். அன்று சாயங்காலம், நான் செத்தால் யார் யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். கல்வி அலுவலகம் என்று எழுதினேன். அதற்குப் பிறகு பேனா நகரவில்லை.

ஒன்பதாம் நாள் பஸ் வந்தது. நர்சம்மாவிடம் பட்டையை நீட்டினேன்.

"அடப்பாவமே! ஒரு நிமிஷத்துல பாத்துட்டுத் தூக்கிப் போடணும் சார். அதச் சொல்றதுக்குள்ள ஓடிட்டீங்க. வெச்சிக்கினே இருந்தா அது இஷ்டத்துக்கு நெறம் மாறும். அவங்க எங்க?"

"அவங்கன்னு யாரும் இல்லீங்க. எனக்குத்தான்."

சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. புதுப் பட்டை ஒன்றைக் கொடுத்துக் கொல்லைப்புறம் அனுப்பினார். முக்கிக் கொண்டுவந்ததும் வாங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி புட்டியின் கட்டங்களோடு சேர்த்துப் பிடித்தார்.

மஞ்சள். புரதம் இல்லை.