டாக்டருக்கு எழுதிய சீட்டு

மிட்வைஃப்கள் டாக்டருக்கு அனுப்பும் சீட்டில் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இன்ன கோளாறு என்று எனக்குப் பட்டதையும் சேர்த்து எழுதிவிட்டேன். "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று டாக்டர் ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் கேட்டார். அதிலிருந்து என் அபிப்பிராயத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தேன்.

பழங்காநத்தத்தைத் தாண்டி ஒரு சம்சாரி வீட்டில் தலைப்பிரசவம். விடிந்ததும் ஆண் குழந்தை பிறந்தது, நன்றாக அழுதது. நச்சுக்கொடி மட்டும் விழவில்லை. ஒரு மணி நேரமாகியும் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது; ரத்தம் நிற்கவில்லை. கையை விட்டுப் பிரித்து எடுக்க வேண்டும். பயிற்சியில் இரண்டு தடவை எடுத்திருக்கிறேன். ஆனால் டாக்டர் இல்லாமல் உள்ளே கை வைத்தால் வேலை போய்விடும், சர்டிபிகேட்டும் போய்விடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணுமே.

"நச்சுக்கொடி இன்னும் விழவில்லை. ரத்தம் போகிறது. தயவுசெய்து வரவும்" என்று எழுதினேன். ஒட்டிக்கொண்டிருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்பதெல்லாம் என் அபிப்பிராயம். அதை எழுதவில்லை. புருஷன்காரன் சீட்டை வாங்கிக்கொண்டு வில்வண்டியைப் பூட்டினான்.

பெற்றவளின் வயிற்றை அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"எம்புட்டு நேரம்தான் பாக்குறது தாயி? நீயே எடுத்து விட்ருத்தா" என்றாள் மாமியார்க்காரி.

"டாக்டர் வந்துருவாரும்மா."

இரண்டு தடவை முழங்கை வரை கையைக் கழுவினேன். இரண்டு தடவையும் துடைத்துக்கொண்டேன். பயம்தான், வேறென்ன. "அக்கா, கண்ணு இருட்டுதுக்கா" என்றாள் அந்தப் பெண். என் முந்தானையை அவள் விடவே இல்லை.

சீட்டில் "இன்னும் விழவில்லை" என்று இருந்ததால் தானாக விழும் என்று நினைத்து, காத்திருந்த நோயாளிகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு உச்சிப்பொழுதில் டாக்டர் வந்தார். கையை விட்டுச் சில நிமிஷங்களில் எடுத்துவிட்டார். அவர் கை கழுவி முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

"இவ்வளவு மோசம்னு எழுத வேண்டாமா?" அவருடைய குரல் நடுங்கியது. கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"தப்புதான் சார்" என்றேன்.

மாமியார்க்காரி என்னைத் திட்டக்கூட இல்லை. "எங்க ஊரு மருத்துவச்சியா இருந்தா கைய விட்டு எடுத்துருப்பா. படிச்ச புள்ளன்னுல்ல ஒன்னயக் கூப்புட்டோம்" என்றாள்.

அடுத்த வருஷம் அந்தத் தெருவில் மூன்று பிரசவம். ஒன்றுக்கும் என்னைக் கூப்பிடவில்லை. நானாக இருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன்.