கத்தியில் விழுந்த பொக்கை

போன வருஷம் கார்த்திகை மாதம் நடந்தது இது. கோவில்பட்டியில் எங்கள் வீட்டு அடுப்படியில் தொடங்கி, இடைசெவலுக்கு அந்தப் பக்கம் ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தலில் போய் முடிந்தது.

நான் வீட்டிலேயே ஆர்டருக்குக் கடலை மிட்டாய் போடுகிறவள். ஊரே மிட்டாய்க்குப் பேர் போன ஊர். அதில் என்னையும் நாலு பேர் தேடி வருகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன். வீட்டுக்காரர் நூல் மில்லில் ஷிப்ட் பார்க்கிறார். நல்ல மனிதர்தான், ஒரே ஒரு கிறுக்கு. வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றியதும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சினிமாவா, கிரிக்கெட்டா என்றால் அதுவும் இல்லை. கத்தி! யாரோ ஒரு ஆள், முகத்தைக்கூடக் காட்ட மாட்டான், ரெண்டு கை மட்டும் தெரியும். ஆன்லைனில் விற்கிற கத்திகளை வாங்கி வைத்துக்கொண்டு அட்டைப்பெட்டியை அறுப்பான், கயிற்றை அறுப்பான், பேப்பரைச் சீவுவான், தக்காளியை நசுங்காமல் வெட்டுவான், கடைசியில் கட்டையால் தட்டிப் பார்ப்பான். இதை இந்த மனிதர் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்.

"ஒரு வெங்காயம் நறுக்கித் தரச் சொன்னா கை வலிக்கும். எவனோ கயிறு அறுக்கதப் பாக்க மட்டும் கண்ணு வலிக்காதோ?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டிக்கொள்வார்.

என் பழைய கத்தியின் பிடி ஆடத் தொடங்கியதும் அவர்தான் ஆன்லைனில் புதுக் கத்தி வரவழைத்துத் தந்தார். அகலமான அலகு, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. பாகு ஒட்டாமல் சர்ரென்று இறங்கியது. பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

அந்தச் சமயம்தான் காதுகுத்து ஆர்டர் வந்தது. தாம்பூலப் பையில் போட மிட்டாய். பிள்ளைகள் நிறைய வருவார்கள், நல்லதாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். விசேஷத்தன்று விடியலிலேயே எழுந்து போட்டேன். மிட்டாயில் ஒரு விஷயம். பாகில் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருட்டுக் கட்டையால் தேய்த்து, சூடு இருக்கும்போதே கத்தி போட்டுத் துண்டாக்கிவிட வேண்டும். ஆறிவிட்டால் கல்தான். அன்று கடைசிப் பலகையைத் தேய்த்து முடித்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் ஊரில் தண்ணீர் வருகிற நாளைத் தவறவிட்டால் என்ன பாடு என்று எங்களுக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் போட்டபடி போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வந்தால் மிட்டாய் இறுகிக் கிடந்தது. திரும்ப உருக்க நேரமில்லை. கத்தியை வைத்து, முதுகில் உருட்டுக் கட்டையால் தட்டித் தட்டித் துண்டு போட்டேன். பழைய கத்தியில் எத்தனையோ தடவை செய்ததுதான். எல்லாப் பலகைத் துண்டுகளையும் ஒன்றாகக் கொட்டி, கவரில் போட்டுக் கட்டி, அந்த வீட்டுப் பையன்கள் பைக்கில் வந்ததும் கொடுத்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு காபி குடித்துவிட்டுக் கத்தியைக் கழுவ உட்கார்ந்தேன். தேய்க்கிற நார் ஒரு இடத்தில் சிக்கி நின்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அலகின் நடுவில், பால்பல் விழுந்த பிள்ளை வாய் மாதிரி ஒரு பொக்கை.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான், புதுக் கத்தி இப்படியா என்று. அடுத்த நொடி புரிந்தது. விழுந்த துண்டு எங்கே?

நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் படியேறிய மனிதரிடம் கத்தியை நீட்டினேன். அவர் முகம் வெளுத்துப் போனது. போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். அதே ரெண்டு கை. அதே கத்தி, அதே பிடி. அட்டை, கயிறு, தக்காளி எல்லாம் நன்றாகவே வெட்டியது. பிறகு ஒரு பலகையில் வைத்து முதுகில் கட்டையால் தட்டினான். மூன்றாவது தட்டில் ஓரம் உடைந்து தெறித்தது. அவன் கத்தியைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினான், என் கையில் இருந்ததைப் போலவே ஒரு பொக்கை. துண்டு எங்கே தெறித்தது என்று பார்த்தீர்களா, எனக்கே தெரியவில்லை, சமையலில் இப்படி ஆனால் அது கிடைக்கிற வரைக்கும் அந்தச் சாப்பாட்டை யாரும் தொடாதீர்கள் என்றான். பிறகு ஒரு காந்தத்தை எடுத்துத் தரையெல்லாம் தடவினான். நகம் வெட்டிப் போட்ட மாதிரி ஒரு சில்லு ஒட்டிக்கொண்டு வந்தது.

"இத எப்பப் பாத்தீங்க?" என்றேன்.

"கத்தி வந்த பிறவுதான். சொன்னா நீ வீடியோவத்தான் ஏசுவேன்னு விட்டுட்டேன்" என்றார்.

அந்த நிமிஷம் அவரை என்ன செய்வது என்றே தெரியவில்லை. சண்டை போடவும் நேரமில்லை. "இது எவர்சில்வர், காந்தம் ஒட்டாதுங்க" என்று அழாத குறையாகச் சொன்னேன். பாத்திரக் கடையில் காந்தம் வைத்துப் பார்த்து வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். அவர் பரணில் கிடந்த பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்துக் கத்தியில் வைத்தார். டப்பென்று பிடித்தது. கத்திக்குப் போடுகிற இரும்பு வேறு, அது பிடிக்கும் என்று அதே வீடியோவில் சொல்லியிருக்கிறான்.

பலகை, தரை, தொட்டி, சாக்கடை வாய் எல்லாம் தடவினோம். பலகை இடுக்கில் ஒரு சில்லு கிடைத்தது. பொக்கையில் வைத்துப் பார்த்தேன். பாதிதான் அடைபட்டது, மீதிப் பாதி திறந்தே இருந்தது.

விசேஷ வீட்டுக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மீதி சாக்கடையோடு போயிருக்கும் என்று என் மனசு ஒரு பக்கம் சமாதானம் சொன்னது. போய்ச் சொன்னால் இந்த ஊரில் இனி என்னிடம் யார் மிட்டாய் வாங்குவார்கள் என்றும் அதே மனசுதான் கேட்டது. அவர் பைக் சாவியை எடுத்துவிட்டார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

முந்தின நாள் நல்ல மழை. மெயின் ரோட்டை விட்டு இறங்கியதும் கரிசல் மண் தன் வேலையைக் காட்டியது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பி அப்பி, வண்டி அசைய மறுத்தது. அவர் குச்சியால் நோண்டுகிறார், ரெண்டடி உருட்டுகிறார், திரும்ப அப்புகிறது. தூரத்தில் பந்தல் ரேடியோ சத்தம் கேட்கிறது. எனக்கு அங்கே நிற்கப் பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நடந்தேன். காலிலும் மண் அப்பி, ஒவ்வொரு அடிக்கும் கால் கனத்தது. எந்தப் பிள்ளை வாயில் இப்போது இருக்கிறதோ, தொண்டையில் இறங்கிவிட்டதோ என்று ஒரே நினைப்பு. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

பந்தலுக்குள் நுழையும்போது தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. ஒரு காது முடிந்து மறு காது குத்துகிறார்கள். அழுகையை அமர்த்தக் கையில் ஒரு துண்டு மிட்டாய். என் மிட்டாய். ஓரம் கடித்திருந்தது.

யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்கவில்லை. ஓடிப்போய்ப் பிடுங்கி, குழந்தை வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். தாய்மாமன் கோபமாக எழுந்தார். "ஏம்மா, பிள்ள கையிலேந்து பிடுங்குதியே, ஒனக்கென்ன கிறுக்கா?"

மூச்சு வாங்க வாங்க, எல்லோர் முன்னாலும் சொன்னேன். தாய்க்காரி குழந்தையைப் பறித்து, போன் வெளிச்சத்தில் வாய்க்குள் பார்த்தாள். ரத்தம் இல்லை, காயம் இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் கூட்டம் அதற்குள் ரெண்டு பட்டது. "இம்புட்டுத் தூசிக்கா இந்தப் பாடு? அங்கனயே சாக்கடையில போயிருக்கும், தாம்பூலப் பைய குடுங்கய்யா" என்று ஒரு அண்ணாச்சி சொன்னார். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். கிளம்புகிறவர்கள் தாம்பூலப் பைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். என் பேச்சை ஒரு பொம்பளையின் பதற்றம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அப்போது முழங்கால் வரை மண்ணோடு என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். ஒருவரிடமும் வாதாடவில்லை. போனில் சத்தத்தைக் கூட்டி வைத்து, நடுப்பந்தலில் அந்த வீடியோவைப் போட்டார். தலைகள் கூடின. அவ்வளவு கூட்டமும் முகம் தெரியாத ஒருவன் கத்தியைத் தட்டுவதை மூச்சு விடாமல் பார்த்தது. ஓரம் உடைந்ததும் பெண்கள் "ஆத்தீ!" என்றார்கள். அதன் பிறகு யாரும் பைக்குக் கை நீட்டவில்லை.

பஸ் ஸ்டாப் வரைக்கும் போனவர்களை வண்டியில் போய்க் கூப்பிட்டு வந்தார்கள். மிட்டாயையெல்லாம் ஒன்றுசேர்த்து, சமையல்காரர்களின் அண்டாவில் வெந்நீரில் கொட்டினோம். குழந்தை கடித்த துண்டை மட்டும் தனியாக ஒரு சொம்பில் போட்டேன். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் நிம்மதி வரவில்லை. மற்றதிலும் கிடைக்கவில்லை என்றால், அது ஏற்கெனவே யார் வயிற்றிலோ என்றுதானே அர்த்தம்? வெல்லம் கரைந்து தண்ணீர் சிவந்தது. காந்தத்தைக் கவரில் சுற்றி, அவர் முழங்கை வரை விட்டுத் தடவினார். முதல் அண்டாவில் இல்லை. அடுத்ததை அடிவரை ரெண்டு முறை தடவினார், அதிலும் இல்லை. தாய்க்காரி குழந்தையின் வயிற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

கடைசி அண்டாவில் கையை வெளியே எடுத்து, கவரை உற்றுப் பார்த்தவர், என்னைப் பார்த்தார். ஒரு சில்லு. கூர்மையாக மினுங்கியது. கத்தியையும் முதலில் கிடைத்த சில்லையும் சேலை முந்தியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தேன். ரெண்டு சில்லையும் சேர்த்துப் பொக்கையில் வைத்தேன். இப்போது இடைவெளி இல்லை.

என்னால் அழுகையை நிறுத்த முடியவில்லை. எல்லோரும் ஏசப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். அந்த வீட்டு அம்மா வந்து என் தோளைத் தொட்டார். "பிள்ள வாயில போவாம தண்ணியில போச்சுல்லா. எந்திரிம்மா, கால்ல மண்ணக் கழுவிட்டு இலையில உக்காரு." உட்கார்ந்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

பிறகு ஒரு நாள் நான் சொல்லச் சொல்ல, வீட்டுக்காரர் அந்த வீடியோவுக்குக் கீழே நடந்ததையெல்லாம் எழுதினார். அந்த ஆள் பதில் போட்டிருந்தார். பொழுது போகாமல்தான் இதைச் செய்கிறாராம், இதனால் யாருக்கு என்ன லாபம் என்று அவர் வீட்டிலும் ஏச்சுத்தானாம். கடைசி வரியில், "குழந்தை நல்லா இருக்கா அக்கா?" என்று கேட்டிருந்தார். நல்லா இருக்கு தம்பி என்று உடனே பதில் எழுதச் சொன்னேன்.

இன்றைக்கும் மிட்டாய் போடுகிறேன், அந்த ஊர்க்காரர்களே ஆள் விட்டனுப்பி வாங்குகிறார்கள். ஆனால் ஒரு குழந்தை என் மிட்டாயை வாயில் வைத்தால், அது மென்று விழுங்கிவிட்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டுகிற வரைக்கும் என்னால் வேறு பக்கம் திரும்ப முடிவதில்லை. இந்தப் பயம் மட்டும் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் நான் சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன்.