கருவுக்குள் இரண்டு மீற்றர்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அன்று காலை தலவாக்கலை பஸ்ஸில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டேதான் போனேன். தற்காலிக ஆசிரியையான என்னை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி என் வகுப்புக்கு வரவிருந்தார். வேலை நிரந்தரமானால் தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டுவிடுவதாக அம்மா சொல்லியிருந்தார். வீங்கிய முழங்காலோடு அவர் மலையேறுவதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

பாடம், கலம் என்னும் உயிரணுவின் கருவுக்குள் டி.என்.ஏ. அடங்கும் விதம். கண்ணுக்கே தெரியாத கரு. அதற்குள் ஏறக்குறைய இரண்டு மீற்றர் நூல்.

"எப்படி அடங்கும்?" என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "சாக்குல கொழுந்த அமுக்கி அடைக்கிற மாதிரி."

வகுப்பே சிரித்தது. எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள். அமுக்கினால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும், நிறுக்குமிடத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா திட்டித் தீர்ப்பார் என்பது அங்கே யாருக்குத் தெரியாது? கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சரி, சிரிச்சது போதும். அமுக்குனா கொழுந்தும் கெட்டுரும், டி.என்.ஏ.யும் சிக்காயிரும்" என்றேன். முன்வரிசை மாணவியிடம் சடை ரிப்பனைக் கேட்டு வாங்கினேன். ஒரு வெண்கட்டித் துண்டில் இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றி, சிறிது இடம் விட்டு, அடுத்த துண்டில் சுற்றினேன்.

"இந்தத் துண்டுதான் ஹிஸ்டோன் புரதம். டி.என்.ஏ.க்கு மறை மின்னேற்றம், இதுக்கு நேர் மின்னேற்றம். அதனால ஒட்டிக்குது." பிறகு அந்தச் சரத்தையே மடித்து மடித்து உள்ளங்கைக்குள் மூடினேன்.

"இவ்வளவு இறுக்கிட்டா கலம் அதை எப்படி வாசிக்கும் டீச்சர்?" என்றார் அதிகாரி.

கையைத் திறந்து ஒரே ஒரு துண்டிலிருந்து மட்டும் ரிப்பனைத் தளர்த்தினேன். "தேவையான இடத்த மட்டும் இளக்கிக்கும் சேர். மிச்சமெல்லாம் சுருண்டே இருக்கும்."

வெளியே வந்ததும், "நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிட்டேன். இனியாவது கொஞ்சம் நிதானமாப் பேசுங்க" என்று அதிகாரி சிரித்தார். உடனே போனை எடுத்தேன். அம்மா மலையில் இருந்தார்.

"வேலை நிரந்தரமாயிருச்சும்மா. நாளையில இருந்து விடிகாலையில பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போக வேணாம்."

அம்மா மூக்கை உறிஞ்சினார்.

"நாளைக்கு மட்டும் போயிட்டு வந்துர்றேன்டி. எம் மக டீச்சராயிட்டா, இனி வரமாட்டேன்னு எல்லாருகிட்டயும் நானே சொல்லணும்ல."