நான் கழித்துப் போட்ட சேணம்

ஆம்பூர்க்காரர்களில் பாதிப் பேர் ரிஜெக்ட் ஷூ போட்டு வளர்ந்தவர்கள். வெளிநாட்டுக்குத் தைத்ததில் ஒரு சின்னக் கறை, ஒரு தையல் கோணல், அவ்வளவுதான். கால் விலைக்கு உள்ளூர்க் கடைக்கு வந்துவிடும். "எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்" என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் வேலை செய்வது குதிரைச் சேணம் தைக்கும் கம்பெனியில். பந்தயக் குதிரைக்கு, சவாரிக் குதிரைக்கு, எல்லாம் கப்பலேறிப் போகும். பந்தயச் சேணத்தைத் தூக்கிப் பார்த்தால் ஒரு ஜோடிச் செருப்பு கனம்தான் இருக்கும். ஓடுகிற குதிரைக்கு இம்மி பாரம்கூட ஜாஸ்தி ஆகக் கூடாதாம். நான் செக்கிங்கில் இருந்தேன். சேணத்தைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் இரண்டு மெத்தைகளையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். நடுவில் குதிரையின் முதுகெலும்புக்கு இடைவெளி இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் சட்டம் முறுக்கிக்கொண்டால் ஒரு பக்கம் இறங்கி எலும்பை அழுத்தும். அப்படி வந்தால், பக்கத்தில் தொங்கும் தோல் மடலுக்கு அடியில் வெள்ளி மையால் பெருக்கல் குறி போட்டு, என் நம்பர் பதினேழையும் எழுதி, ரிஜெக்ட் ரேக்கில் வைத்துவிடுவேன். அங்கிருந்து அது எங்கே போகிறது என்று ஆறு வருஷம் நான் கேட்டதே இல்லை.

தம்பிக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு எப்போதும் காரில்தான். இவனுக்குக் குதிரை வேண்டுமாம். பெண் வீட்டுத் தெருவில் போன மாதம் எவனோ குதிரையில் வந்தானாம், அதற்குக் குறைந்து போகக் கூடாதாம். சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு வெள்ளைக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நெற்றியில் குஞ்சம், காலில் சலங்கை, முதுகில் சிவப்பு வெல்வெட் துணி, அதன்மேல் ஜரிகை ஒட்டிய சேணம். வேலைப் பழக்கம் விடவில்லை. மடலைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளி மையில் பெருக்கல் குறி. பதினேழு. என் கையெழுத்து.

சேணத்தின் பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கி வெல்வெட்டை விலக்கினேன். முதுகின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். மேலே மஞ்சள் பூசியிருந்தது.

"இன்னாண்ணே இது?" என்று குதிரைக்காரரைக் கேட்டேன்.

"நல்ல கம்பெனி சாமான்மா. எக்ஸ்போர்ட் ரிஜெக்ட். எங்கனா சின்னதா கறை இருக்கும். நாம ஷூ வாங்கிப் போடறதில்ல?"

அவர் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் வாங்கியிருக்கிறார். ஷூ கடித்தால் நாம் கழற்றி எறிவோம், குதிரை என்ன செய்யும்?

"ஏறாதடா. கார்லயே போலாம்" என்றேன் தம்பியிடம்.

"ஊரே பாக்குதுக்கா. பேஜார் பண்ணாத. ஒரு தெருதான?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "நல்ல நாளும் அதுவுமா மூஞ்சத் தூக்கி வெச்சிக்காதடி. குதிரைன்னா சொமக்கத்தான் செய்யும்."

அவன் ஏறினான். குதிரையின் முதுகு அப்படியே கீழே இறங்கியது. பேண்டு அடித்ததும் அது கால் மாற்றி மாற்றி நின்றது. "குதிரை ஆடுது பாரு" என்று கூட்டம் விசிலடித்தது. வலி தாங்காமல் நெளிகிற பிராணியைப் பார்த்து என் சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள், போன் தூக்கிப் படம் எடுத்தார்கள். மண்டப வாசலில் சேணத்தை இறக்கியபோது வெல்வெட் புண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்கு எல்லார் மேலும் கோபம், என் மேல்தான் அதிகம். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றிருக்கலாம். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து பின்னாலேயே தட்டு ஏந்திக்கொண்டு நடந்தேன்.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் போனேன். "சார், நாம கழிச்ச சேணத்தப் போட்டு வெளிய குதிரைக்குப் புண்ணு வெச்சிருக்கு."

"மொத்தமா லாட்ல போறதும்மா அது. வாங்கறவன் பாத்து வாங்கணும்."

"முதுகெலும்புல அழுத்துது சார்."

"வெளிநாட்டுக் குதிரைக்கா வெச்சுது? நம்ம ஊர் குதிரைதானம்மா?"

கெட்ட மனுஷன் இல்லை அவர். டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். ஆறு வருஷமாக ரேக்கில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்த நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், வாய் திறக்காமல்.

தோல் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு ரேக்குக்குப் போனேன். நான்கு சேணம் இருந்தது. மூன்றை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, பட்டைகளை அறுத்து, மெத்தையைக் கிழித்துச் சட்டத்தை வெளியே இழுத்துப் போட்டேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"இன்னாம்மா பண்ற? அதெல்லாம் விக்கிற சரக்கு."

"தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு நான்காவதைக் கவிழ்த்தேன்.