பதினேழாவது பெயர்

அடுத்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடுப்படியில் காபிப் பாத்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி ஃப்ரோசினா அப்படியே நின்றுவிட்டாள். சிரித்தது அவள் கணவர் பொம்பிலியு. தச்சு வேலை செய்து செய்து தானும் ஒரு மரம்போல ஆகிவிட்ட மனிதர். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடங்களில் அவர் இப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

“நீ கொஞ்சங்கூட மாறல பொம்பிலியு! மீசை மட்டுந்தான் வெளுத்திருக்கு” என்றது ஒரு பெண்ணின் குரல்.

“நீங்க மட்டும் என்னவாம் டீச்சர்? அன்னைக்குப் பார்த்த மாதிரியேதான் இருக்கீங்க.”

காபி பொங்கி அடுப்பில் வழிந்தது. கட்டிய மனைவியே ‘நீங்க’ என்று கூப்பிடும் மனிதரை வந்தவள் ‘நீ’ என்கிறாள்! அவரும் அதைக் கேட்டுக்கொண்டு இளிக்கிறார்!

வந்திருந்தவள் அவுரேலியா. எங்கள் ப்ரூனேனி கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டே இரண்டு வருடம் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கிளுஷ் நகரத்து இன்ஜினியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவள். அவளுக்குப் பிறகு அதே நாற்காலியில் முப்பத்தேழு வருடம் உட்கார்ந்தவள் ஃப்ரோசினா. ஆனாலும் ஊரில் யாராவது ‘நம்ம டீச்சர்’ என்றால் அது இன்றைக்கும் அவுரேலியாதான். இந்த அநியாயத்தை எந்தப் பெண்ணால் தாங்க முடியும்?

அந்தப் பள்ளிக்கூடம் எங்கள் ஊர்க்காரர்களே கட்டியது. வீட்டுக்கு ஒரு வண்டி ஆற்றுக்கல், வீட்டுக்கு ஒரு ஆள் உழைப்பு. ஒரு அறை பிள்ளைகளுக்கு, பக்கத்து அறை டீச்சர் குடியிருக்க. யுத்தத்தின்போது பட்டாளத்துக் குதிரைகளை அதில் கட்டினார்கள். பெஞ்சுகள் எல்லாம் விறகாகிப் போயின. பிறகு சாணியை அள்ளிக் கொட்டி, சுண்ணாம்பு அடித்து மறுபடியும் மணியடித்தார்கள். பிள்ளைகள் இருபது வருடம் வெறும் பலகைகளில் உட்கார்ந்து படித்தார்கள். புது பெஞ்சுகள் வந்தது 1967இல், அவுரேலியா இருந்தபோது. செய்து கொடுத்தவர் யார்? இருபத்துமூன்று வயது பொம்பிலியு!

“பன்னெண்டு பெஞ்சு செய்ய ஒரு வருஷமா?” என்று கடை வாசலில் பெண்கள் சிரிப்பார்கள். “டீச்சர் முகத்தைப் பார்க்காத அன்னைக்கு அவனுக்கு ஆணியே இறங்காதாமே!”

அடுத்த வருடம், பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து மரப்பெட்டியும் கையுமாக வந்து இறங்கிய இருபது வயது ஃப்ரோசினாவின் காதில் விழுந்த முதல் ஊர்ப்பேச்சு அதுதான். மூன்று வருடம் கழித்து அதே பொம்பிலியுவுக்கே அவள் வாழ்க்கைப்பட்டாள். ஒரே ஒரு முறை கேட்டும் பார்த்தாள். “பெஞ்சு வேணும்னாங்க, செஞ்சேன்” என்று சொல்லிவிட்டு அவர் இழைப்புளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பதில் ஒரு மரச் சிலாம்புபோல அவள் நெஞ்சில் ஏறியது. அது வெளியே வரவே இல்லை.

பிள்ளைகளும் அவளை விடவில்லை. நான்கு வகுப்புகளும் ஒரே அறையில். நான்காம் வகுப்புக்குக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு, முதல் வகுப்பின் கையைப் பிடித்து எழுத வைப்பாள். அப்போது ஒரு குரல் எழும். கம்யூனிஸ்ட் ஆட்சி; டீச்சரையும் ‘தோழர்’ என்றுதான் கூப்பிட வேண்டும்.

“தோழர் டீச்சர், அவுரேலியா டீச்சர் எப்ப வருவாங்க?”

“வர மாட்டாங்க. எழுது.”

“அவங்க பாட்டுப் பாடிக்கிட்டே சொல்லித் தருவாங்க.”

அந்த முதல் குளிர்காலத்தில்தான் அது நடந்தது. வகுப்பறை அடுப்புக்குக் காட்டிலாகாவிலிருந்து வரவேண்டிய விறகு வண்டி ஜனவரியில் வரவில்லை. ‘ஆளுக்கு ஒரு கட்டை கொண்டுவாங்க’ என்று ஃப்ரோசினா பிள்ளைகளிடம் சொன்னாள். அந்தக் காலத்தில் எல்லா ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் சொல்வதுதான். மூன்றாம் வகுப்பு ரெமுஸ், அக்குளில் விறகுக் கட்டையுடன், சீக்கிரம் வந்துவிடலாமென்று உறைந்த ஆற்றின் மேல் நடந்தான். பனிக்கட்டி உடைந்தது. ஒன்பது வயது.

கல்லறையில் மண் போடும்போது ஒருத்தி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “அவுரேலியா இருந்திருந்தா, காட்டிலாகாக்காரங்ககிட்ட சிரிச்சுப் பேசியே வண்டி நிறைய வாங்கியிருப்பா.”

ஃப்ரோசினா அழவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அலமாரியிலிருந்து அவுரேலியாவின் வருகைப் பதிவேட்டை எடுத்தாள். இரும்பு விளிம்பு வைத்த அட்டை, அழகான கையெழுத்து, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஓரத்தில் பாசமாக ஒரு வரி. அதை அப்படியே அடுப்புக்குள் திணித்துக் கதவை மூடினாள். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நாற்பத்தொரு வருடமாக நினைத்திருந்தாள்.

இப்போது எங்கள் பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள். பெற்றவர்கள் பிள்ளைகளோடு பிழைப்புக்காக இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டார்கள்; மிச்சம் ஏழு பிள்ளைகள். செப்டம்பரிலிருந்து அவர்களை மினிபஸ்ஸில் பெரிய ஊருக்கு அழைத்துப் போவார்களாம். மூடுவதற்கு முன், 1970இல் நான்காம் வகுப்பு முடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடப் போகிறார்கள். இப்படிக் கூடினால் பழைய டீச்சர் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட வேண்டும். வழுக்கையும் தொந்தியுமாக ஒவ்வொருவரும் எழுந்து ‘உள்ளேன் டீச்சர்’ என்று சொல்லி அழ வேண்டும். அதுதான் வழக்கம்.

அந்த வகுப்புக்கு முதல் இரண்டு வருடம் அவுரேலியா, பின் இரண்டு வருடம் ஃப்ரோசினா. யார் கூப்பிடுவது? முடிவு செய்துவிட்டுத்தான் போன் பண்ணினார்கள். “அவுரேலியா டீச்சர் கூப்பிடுறதா ஒத்துக்கிட்டாங்க. நீங்களும் கண்டிப்பா வரணும்.”

நீங்களும்! அந்த ‘உம்’மைக் கேட்டு அவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வழிந்ததைத் துடைத்துவிட்டு, விருந்தாளிக்கு வைக்கும் வழக்கப்படி காபியும் தட்டில் பிளம் ஜாமும் ஒரு டம்ளர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அறுபத்தைந்து வயதிலும் அவுரேலியா உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். பொம்பிலியு சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார். காலையில் அது திறந்துதான் இருந்தது.

“எதுக்கு இவ்வளவு சிரமம் ஃப்ரோசினா?”

“ஒரு சிரமமும் இல்ல. வந்தவங்களுக்குக் கொடுக்கணும் இல்லையா?”

“எனக்கு என்னோட பழைய பதிவேடு வேணும். பழசெல்லாம் உங்ககிட்டதான் இருக்குன்னு சொன்னாங்க.”

“அந்த வருஷத்தோடது மட்டும் இல்ல” என்றாள் ஃப்ரோசினா. முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை.

அவுரேலியா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “அப்போ நான் செத்தேன். உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது... எனக்கு ஒருத்தர் பேரும் ஞாபகம் இல்ல. போன்ல எல்லாரும் ‘என்னைத் தெரியுதா டீச்சர்’னு அழறாங்க. தெரியுதுன்னு நானும் அழறேன். யாருன்னே தெரியல.”

ஃப்ரோசினாவின் உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. ஊரே உருகி உருகிக் கொண்டாடும் டீச்சருக்கு ஒரு பிள்ளையின் பெயர்கூடத் தெரியாது! இருபத்துமூன்று பேரையும், அவர்கள் பற்கள் விழுந்த மாதத்தோடு சொல்லக்கூடியவள் இங்கே ஜாம் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறாள்!

“கவலைப்படாதீங்க. நான் எழுதித் தர்றேன்” என்றாள் இனிமையாக.

மேசையில் உட்கார்ந்து எழுதினாள். ஒன்று, ஆகிம் வியோரிகா. இரண்டு, போத்தா இலியே... நிறுத்தாமல், யோசிக்காமல். பதினேழில் பேனா நின்றது. ரெமுஸ்.

இறந்தவன் என்று காட்டப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை போட வேண்டும். போட்டால் அவுரேலியாவுக்குத் தெரிந்துவிடும். போடாவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தின் நடுவே, பாட்டுப்போல அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, ‘எங்க நம்ம ரெமுஸ்?’ என்று சிரித்துக்கொண்டே தேடுவாள். அவனைப் பெற்ற சவேதா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஊர் ஒரு நொடியில் புரிந்துகொள்ளும். நாற்பது வருடப் புகழ் தரையில் விழுந்து சுக்குநூறாகும்!

ஃப்ரோசினா சிலுவை போடவில்லை. பதினெட்டு என்று எழுதினாள்.

பட்டியலை வாங்கிக்கொண்ட அவுரேலியாவின் கண்கள் கலங்கின. “நீங்க பெரிய மனசு. ஆனா அந்தப் பதிவேடு எப்படிக் காணாமப் போச்சு? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி எழுதியிருந்தேனே.”

ஃப்ரோசினா வாயைத் திறப்பதற்குள் பொம்பிலியு குறுக்கிட்டார்.

“எலி கடிச்சிருச்சு டீச்சர். பள்ளிக்கூட அடுப்புக் கதவு சரி பண்ணப் போனப்ப நான்தான் எடுத்து எரிச்சேன். குப்பைன்னு நினைச்சேன். இவ மேல தப்பு இல்ல.”

அப்படியென்றால் இவருக்கு எல்லாம் தெரியும்! ஆமாம், சாவு நடந்த மறுநாள் அடுப்புக் கதவைச் சரிசெய்ய வந்தவர் அவர்தான். சாம்பலில் அந்த அட்டையின் இரும்பு விளிம்பைப் பார்த்திருக்கிறார். அப்போது அவள் அவருக்கு யாரோ. நாற்பத்தொரு வருடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர், இன்றைக்கு, யார் முன்னால் என்றால் அவுரேலியா முன்னால், பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்!

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஜாம் கரண்டியை நக்கிக்கொண்டிருந்தார்.

அவுரேலியா எழுந்து கதவருகே போய்விட்டாள்.

“நில்லுங்க” என்றாள் ஃப்ரோசினா. “அதுல பதினேழாவது பேரு... ரெமுஸ். அவன் இல்ல. நீங்க போன அந்தக் குளிர்காலத்துல ஆத்துல போயிட்டான். நான் கேட்ட விறகைக் கொண்டுவரும்போது.”

அவுரேலியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ! எனக்கு யாருமே சொல்லலையே! நான் கூப்பிட்டிருப்பேனே...”

“கூப்பிட்டிருப்பீங்க.”

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிலுவை இல்லாத அந்தத் தாள் நடுவில் இருந்தது. அவுரேலியாவுக்குப் புரிந்துவிட்டது.

“எல்லார் பேரையும் நீங்களே கூப்பிடுங்க. ஊருக்கு அதுதான் ஆசை” என்றாள் ஃப்ரோசினா. “பதினாறு முடிஞ்சதும் நிறுத்திக்குங்க. அந்த ஒரு பேரை நான்தான் கூப்பிடுவேன். அவன் என் பிள்ளை. உங்களுக்குத் தர மாட்டேன்.”

அவுரேலியா மெல்லத் தலையசைத்தாள். தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

பொம்பிலியு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “இருங்க டீச்சர், ரோடு வரைக்கும் நானும்...”

“நீங்க எங்க கிளம்பிட்டீங்க? பட்டப்பகல், அவங்களுக்கு ஊர் தெரியும். உட்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். அவுரேலியா முற்றத்தைத் தாண்டிப் போனாள். அவள் ஒரு முறை திரும்பிப் பார்ப்பதற்குள் ஃப்ரோசினா கதவைச் சாத்தினாள்.