பச்சைக் குரங்கு

அந்தக் குரங்குக்குப் பச்சைப் பெயின்ற் பூசியவள் நான். றசீத் நானா அல்ல... நான்தான்.

இரண்டு வருடமாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், உங்களை நான் கோயிலிலோ சந்தையிலோ காணப்போவதில்லை என்பதுதான். கோழை என்று நினைப்பீர்கள். நினையுங்கள், பிழையில்லை.

நான் முள்ளியவளைப் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. தனியாள். வீட்டுக்குப் பின்னால் வாழை, பப்பாசி, நாலைந்து தென்னை. அதற்கு அப்பால் கோயில் காணி. அதைக் குத்தகைக்கு எடுத்து றசீத் நானா கச்சான், அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார். நானா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். யுத்த காலத்தில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து ஊரைவிட்டு அனுப்பப்பட்டு, புத்தளத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, அறுபது வயதில் திரும்பி வந்தவர். பிறந்த மண்ணிலேயே அடங்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. காணி இருந்தால்தான் ஊரில் இருக்கலாம்.

குரங்குகள் எங்கள் இருவருக்கும் பொதுத் தொல்லை. கரிய முகமும் நீண்ட வாலும் கொண்ட மந்தியைச் சொல்லவில்லை. அது பெரும்பாலும் இலை குழையோடு போய்விடும். நான் சொல்வது செங்குரங்கு. உச்சந்தலை மயிர் தொப்பி வைத்ததுபோல் சுழித்திருக்கும். கன்னத்துக்குள் பை. கச்சானைக் கிளறி அந்தப் பை முட்ட அடைத்துக்கொண்டு, மரத்தில் ஏறி ஆறுதலாக இருந்து தின்னும்.

ஒருநாள் வேலியருகில் நின்று நானா சொன்னார்: "ஒண்டைப் பிடிச்சுப் பெயின்ற் அடிச்சு விட்டா, மற்றதெல்லாம் அதைக் கண்டு பயந்து ஓடும் ரீச்சர். இது கூட்டத்தோட சேருறதுக்குப் பின்னால ஓடும். அப்பிடியே தோட்டத்தை விட்டுப் போயிடும். ஆனா பாவம். அல்லா படைச்ச சீவன். நான் செய்ய மாட்டன்."

இதே கதையைத் தேநீர்க் கடையிலும் சொல்லியிருக்கிறார். கடைசி வசனத்தை மட்டும் ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

எனக்கோ அது மண்டையைக் குடையத் தொடங்கிவிட்டது. உண்மையாகவே ஓடுமா? ஏன் ஓட வேண்டும்? குரங்குகள் ஒன்றையொன்று முகம் பார்த்து அறியும் என்று படித்திருந்தேன். முகம் அப்படியே இருக்க, உடம்பு மட்டும் மாறினால்...? குரல் அதே குரல்தானே! பெற்ற தாய்க்குமா தெரியாது?

வாழைக்குலையைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அது பொய். பார்க்க வேண்டும் என்ற ஆவல், அவ்வளவே.

ஓகஸ்ட் விடுமுறை. பழைய கோழிக்கூட்டுக்குள் கப்பல் வாழைப்பழம் வைத்து, கதவுப் பலகையைக் கயிற்றில் கட்டி, குசினி யன்னலடியில் காத்திருந்தேன். இளம் ஆண் குரங்கொன்று அகப்பட்டது. அலுமாரிக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பெயின்ற் வீட்டில் இருந்தது. தூரிகையைத் தடியில் கட்டி, கம்பி வலைக்குள்ளால் விட்டுப் பூசினேன். முகத்தைத் தவிர்த்தேன்... முகத்தை மட்டும். அது கத்தவில்லை. மூலையில் ஒடுங்கியிருந்து தன் கையை மணந்து பார்த்தது.

திறந்துவிட்டேன். பாலை மரத்தில் இருந்த கூட்டத்தை நோக்கிப் பாய்ந்தது. கூட்டம் சிதறியது! நானா சொன்னது உண்மை! இது துரத்த, அவை இன்னும் வேகமாக ஓடின. ஓரிடத்தில் இது நின்றது. எல்லோரும் எதைக் கண்டு ஓடுகிறார்கள் என்று தன் முதுகுப்பக்கம் திரும்பித் தேடியது.

அதைப் பார்த்து நான் சிரித்தேன். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு தினமும் ஒரு கொப்பியோடு அவற்றின் பின்னால் திரிந்தேன். அது கூப்பிட்டால் கூட்டம் மறுகுரல் கொடுத்தது. கிட்ட வந்தால் ஓடியது. குரலை ஏற்றுக்கொள்கின்றன, உடம்பை ஏற்றுக்கொள்ளவில்லை... இதில் எது அறிவு, எது பயம்? இன்றைக்கும் எனக்கு விடை தெரியாது. இன்றைக்கும் அறிய ஆசையாகத்தான் இருக்கிறது. பாருங்கள், இவ்வளவுக்குப் பிறகும்!

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அது கோயில் மடைப்பள்ளிக் கூரையில் போய்க் குந்தியது. பூசைக்கு வந்த பெண்கள் பதறிப்போனார்கள். ஆஞ்சநேயரின் இனத்துக்கு இப்படிச் செய்த பாவி யார் என்று கதை எழும்பியது. தேநீர்க் கடையில் கேட்ட கதை யாருக்கோ ஞாபகம் வந்தது. இது நானாவின் வேலைதான் என்று மறுநாளே ஊர் முடிவு கட்டிவிட்டது.

பெயின்ற் பூசிய ஒன்பதாம் நாள் காலை, ஒரு கிழட்டுப் பெண் குரங்கு மெல்ல மெல்ல அதன் அருகே வந்தது. வாலை மணந்தது. பக்கத்தில் இருந்து, காய்ந்து ஒட்டிய பெயின்றை ஒவ்வொன்றாக உரித்துப் போடத் தொடங்கியது. சற்று நேரத்தில் இன்னும் இரண்டு வந்தன. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கொப்பியில் அடிக்கோடிட்டு எழுதினேன்.

அன்று மாலை கோயிலில் ஊர்க்கூட்டம். நானும் பெண்கள் பக்கத்தில் இருந்தேன்.

"அல்லாமேல சத்தியமா நான் செய்யேல்ல" என்றார் நானா.

கோயில் செயலாளர் என் பக்கம் திரும்பினார். "ரீச்சர், நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறனீங்கள். பெயின்ற் அதுகளின்ர உடம்புக்குக் கூடாதுதானே?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வசனம்... நான் எழுந்து நின்று விளக்கம் கொடுத்தேன்! பெயின்றில் என்னென்ன நச்சு இருக்கிறது, தோலால் எப்படி இறங்கும், ஒன்றையொன்று பேன் பார்க்கும்போது வாய்க்குள் எப்படிப் போகும் என்று வகுப்பில் சொல்வதுபோல் தெளிவாகச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நானாவும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருவரும் அவரைத் திட்டவில்லை. வருகிற வருடம் காணியை வேறொருவருக்குக் கொடுக்கப்போவதாக மரியாதையாகத்தான் சொன்னார்கள். கச்சானைக் கிண்டி எடுத்த கையோடு அவர் புத்தளத்துக்கே, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். முதல் முறை ஊரைவிட்டு அவரை அனுப்பியவர்கள் துவக்கோடு வந்தார்கள். இரண்டாம் முறைக்கு என் விளக்கமே போதுமாக இருந்தது.

ஏன் வாய் திறக்கவில்லை? ஊரில் எனக்கொரு பெயர் இருக்கிறது. பிள்ளைகள் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். அதை இழக்கப் பயம். இதைவிடப் பெரிய காரணம் ஏதும் இருக்குமென்று தேடிப் பார்த்துவிட்டேன்... இல்லை.

போன மாதம் நானா தொலைபேசி எடுத்தார். நெஞ்சு வருத்தமாம், தூரப் பயணம் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டாராம். இனி முள்ளியவளைக்கு வர முடியாது என்றார். பிறகு கேட்டார்:

"ரீச்சர், அதை நான் செய்யேல்ல எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம் நானா, எனக்குத் தெரியும்."

"போதும், ரீச்சர். அந்த ஊரில நீங்க ஒராள் நம்புறீங்க. எனக்கு அது காணும்" என்றார். எனக்காகத் துஆ கேட்டு இறைவனை வேண்டுவதாகவும் சொன்னார்.

நான் நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.