சேலத்துக்கு முப்பது நிமிஷம்

திருச்சியில் பதினெட்டு வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறேன். பாதி சவாரி ஏர்போர்ட்டுக்குத்தான்.

அன்று காலை ஆறரைக்கு ஸ்ரீரங்கத்தில் ஒருவரை ஏற்றினேன். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் திருமண், பட்டு வேட்டி, கையில் ஒரே ஒரு பை. "ஏர்போர்ட்" என்றார்.

போகும்போது தங்கையிடம் ஃபோனில் பேசினார்.

"கோயில்ல என் முறை முடிஞ்சாத்தானே கிளம்ப முடியும்? ஒன்பதரைக்குத்தானே மாலை மாத்தறது? சேலத்துக்குப் பிளேன்ல முப்பது நிமிஷம். ஃபோன்லயே போட்டிருக்கான்."

திருச்சியிலிருந்து சேலத்துக்கு விமானம் கிடையாது. எனக்குத் தெரியும். கேட்கலாமா என்று நினைத்தேன். மன்னார்புரம் வந்தது. கேட்கவில்லை. சவாரியிடம் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை.

ஏர்போர்ட் வாசலில் காவலர் டிக்கெட் கேட்டார்.

"உள்ளே வாங்கிக்கறேன். சேலம்."

"சேலத்துக்கு இங்கேருந்து ஃபிளைட்டே இல்லீங்களே."

இவர் ஃபோனை நீட்டினார். இரண்டு ஏர்போர்ட், நடுவே ஒரு கோடு. நூற்றுமுப்பது கிலோமீட்டர், பறக்கும் நேரம் முப்பது நிமிடம். காவலர் நிதானமாகப் படித்தார்.

"கணக்கு சரிங்க. பறக்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்லை."

திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்தார்.

"ரோட்டுல எவ்வளவு நாழி ஆகும்?"

"மூணு மணி நேரத்துக்கு மேலே."

"தங்கை பொண்ணுக்கு நான் ஒருத்தன்தான் மாமன். மாலை மாத்தறச்சே நான்தான் தோள்ல தூக்கணும்."

வண்டியை எடுத்தேன். மணி ஏழேகால்.

சேலம் ரோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். அதனால் வந்த வழியே திரும்பினோம். எட்டு மணிக்கு ஸ்ரீரங்கத்தைத் தாண்டினோம். அவர் வெளியே பார்க்கவில்லை.

முசிறியில் தங்கை கூப்பிட்டார். ஸ்பீக்கரில் கேட்டது.

"அண்ணா, எங்கே இருக்கே?"

"முசிறி."

"பிளேன் எதுக்கு முசிறிக்கு வரது?"

"பிளேன் இல்லை. கார்."

நாமக்கல்லில் மறுபடி ஃபோன். "முகூர்த்தம் தாண்டிடும்னு வாத்தியார் கத்தறார். இவரோட தம்பியையே தூக்கச் சொல்லிட்டோம். கோச்சுக்காதே."

"சரி" என்றார்.

பத்தரைக்கு மண்டபம். தாலி கட்டியாகிவிட்டது. நாதஸ்வரக்காரர்கள் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெண் மாலையோடு வந்து எதிரே நின்றாள்.

"மாமா, தூக்குங்கோ."

"எல்லாம் ஆயிடுத்தேடி."

"எனக்கு ஆகலை."

"இப்போ எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் ஒரு பெரியவர். மாமன் குனிந்தார். அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டார். மாலைக்கு அங்கே வேலையில்லை, அதனால் நேரே பந்திக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளை பின்னால் நடந்துபோனார். எனக்கும் இலை போட்டார்கள்.

ஸ்ரீரங்கத்திலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒன்பது மணிக்கே சேர்ந்திருப்போம். சாப்பிடும்போது இதுதான் மனதில் ஓடியது.

புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். எங்கே போகவேண்டும் என்பதோடு விடாதீர்கள். அங்கிருந்து எந்த ஊர், எத்தனை மணிக்கு அங்கே இருக்கவேண்டும் என்றும் கேளுங்கள். சிலர், "உன் வேலையைப் பாருய்யா" என்பார்கள். அதுதான் வேலை.